சத்தம் போட்டு அழுத புவனம் அக்கா

புவனம் அக்கா இறந்த செய்தி என்னிடம் வந்து சேர்ந்ததே "சத்தம் போடாதேங்கோ" என்ற சொல்லோடுதான். வைத்தியசாலைச் சமையற்கூடத்தில் நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். மேற்பார்வை செய்யும் அம்மாள் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தொலைபேசியை நீட்டினார். மறுமுனையில் எசன் நகரத்து எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். "புவனம் காலமை போட்டா பிள்ளை. நெஞ்சுவலியாம். வேலையிடத்தில நிண்டு சத்தம் போடாதேங்கோ. பிறகு கதைப்பம்." நானும் சத்தம் போடவில்லை. திரும்பிப் போய் மிச்சத் தட்டுகளையும் கழுவி அடுக்கினேன். அந்தத் தட்டுகளை ஏன் நிலத்தில் போட்டு உடைக்கவில்லை என்று இன்றைக்கும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

புவனேஸ்வரி திருச்செல்வம் என்ற புவனம் அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கணவரோடு இந்த ஜெர்மனிக்கு வந்தவர். அகதிகள் விடுதியில், ஹைம் என்று நாமெல்லாம் சொல்லும் அந்தச் சாம்பல் நிறக் கட்டிடத்தில், எனக்கு அடுத்த அறையில் மூன்று வருடம் இருந்தார். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். முப்பத்தோராம் நாள் உங்களுக்கெல்லாம் ஒரு கல்வெட்டுக் கொடுத்தார்கள். வழக்கம்போல இறந்தவரைப் பற்றிய பாட்டும் பாராட்டும் அச்சிட்ட சிறு புத்தகம். அதைப் படித்தவர்களுக்கு அவர் நல்ல மனைவி, நல்ல சகோதரி, விருந்தோம்பலில் சிறந்தவர் என்பது தெரிந்திருக்கும். அவர் மேடையேறியவர் என்பது அதில் இல்லை. கறுப்புப் பெண்களின் வாழ்க்கையைக் கவிதையாகச் சொன்ன ஒரு நாடகத்தில் நான்கு முறை நடித்தவர் என்பது இல்லை. நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்திலும் அது இருந்தது. இரண்டு பக்கத்தையும் தூக்கிவிட்டார்கள். ஆகவே நம் பெண்கள் கைமாற்றிப் படிக்கும் இந்தக் கையெழுத்து இதழில், இரண்டு பக்கத்துக்குப் பதிலாக விரித்தே எழுதுகிறேன்.

ஹைமில் எங்கள் மாடிக்கு ஒரே சமையலறை. அங்கேதான் புவனம் அக்காவும் அக்கோசுவாவும் அறிமுகமானார்கள். அக்கோசுவா கானா நாட்டுக்காரர். எங்களைப் போலவே விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர். ஒருநாள் புவனம் அக்கா கருவாடு பொரித்தார். யன்னலெல்லாம் திறந்துவிட்டுத்தான் பொரித்தார். அப்படியும் விடுதிக் காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கத்திவிட்டுப் போனார். நாங்கள் அவரை ஹவுஸ்மைஸ்டர் என்போம். அடுத்த கிழமை அக்கோசுவா தன் ஊர்ப் புகையிட்ட மீனைச் சட்டியில் போட்டார். அதே கத்தல். அன்றைக்கே இரண்டு பெண்களும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இனிமேல் மீன் சமைத்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்து அடுப்பில் சமைப்பது. ஹவுஸ்மைஸ்டர் வந்து யாருடைய மணம் என்று கேட்டால், அவர் இவரையும் இவர் அவரையும் கை காட்டுவது. பாவம் மனிதர், கடைசியில் மாடிக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். "ஒராள் நாறினால் குற்றம், ரெண்டு பேர் நாறினால் ஊர் வழக்கம்" என்று புவனம் அக்கா சொல்லிச் சிரிப்பார்.

அக்கோசுவா தன் ஊரில் பள்ளிக்கூடத்தில் நாடகம் பழக்கியவர். இங்கே அவருக்கு ரெனாட்டே என்ற சிநேகிதி கிடைத்தார். ரெனாட்டே இதே எசனில் பிறந்து வளர்ந்த கறுப்புப் பெண். தாய் ஜெர்மன்காரி, தகப்பன் அமெரிக்கச் சிப்பாய். அநாதை விடுதியில் வளர்ந்தவர். "நீ நன்றாக ஜெர்மன் பேசுகிறாயே" என்று வாழ்நாளெல்லாம் பாராட்டு வாங்கி அலுத்தவர். இவர்கள் இருவரும் இன்னும் மூன்று கறுப்புப் பெண்களும் சேர்ந்து ஒரு தேவாலயத்தின் கூட்ட மண்டபத்தை இரந்து வாங்கி நாடகம் போட்டார்கள். மேடையில் ஒரு துணி காயப்போடும் கொடிக்கயிறு. வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு துணியைக் கொண்டுவந்து, அந்தக் கொடியில் போட்டு, அதைப் பற்றிக் கவிதையாகச் சொல்ல வேண்டும். அக்கோசுவா சலவைச்சாலையில் போடும் நீல மேலங்கியைப் போட்டார். ரெனாட்டே இலக்கம் தைத்த ஒரு குழந்தை இராச்சட்டையைப் போட்டார். அந்த இலக்கம்தான் அநாதை விடுதியில் அவருடைய பெயர்.

புவனம் அக்கா முதலில் தேநீர் ஊற்றத்தான் போனார். மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒத்திகை பார்க்கப் பார்க்க அவருடைய முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. மூன்றாவது ஒத்திகையில் அக்கோசுவா அவரிடம், "உன் துணி எங்கே?" என்று கேட்டார். மண்டபத்துக்குப் பொறுப்பான பெண்மணி குறுக்கே வந்தார். இது கறுப்புப் பெண்களைப் பற்றிய நிகழ்ச்சி என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், இவர் ஆசியாக்காரர் அல்லவா என்றார். அக்கோசுவா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. "டிராமில் என் பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்கிறது. இவளுடைய பக்கத்து இருக்கையும் அப்படித்தான். அங்கே யாரும் எங்களிடம் எந்தக் கண்டம் என்று கேட்பதில்லை." அந்த அம்மணி முகம் சிவந்து போய் உட்கார்ந்துவிட்டார். நான் இதைத் தமிழில் சொன்னதும் புவனம் அக்கா, "அவ சொல்லுறது சரி. நாளைக்கு என்ர சீலையைக் கொண்டு வாறன்" என்றார்.

அந்தச் சேலையின் கதை ஹைமில் இருந்த எங்களுக்குத் தெரியும். நாடகத்துக்கு ஆறு மாதம் முன்பு அக்காவின் தாய் ஊரில் இறந்துபோனார். வீட்டு முற்றத்தில் ஷெல் விழுந்தது. கடிதம் இங்கே வந்து சேர்ந்தபோது அங்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா, "என்ர அம்மா" என்று குளறி அழுதார். இரண்டாவது குளறலுக்குள் கதவில் தட்டல். ஹவுஸ்மைஸ்டர். மத்தியான ஓய்வு நேரம், அமைதி காக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். நான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில், இவருடைய தாய் இறந்துவிட்டார் என்றேன். "வருந்துகிறேன்" என்றார். பிறகு அதே தாளை மறுபடியும் காட்டினார். அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் அடைத்துக்கொண்டு அழுதார். அம்மா கட்டி, பிறகு மகளுக்குக் கொடுத்துவிட்ட பழுப்பு நிற நூல்சேலை அது. அந்தத் தாளை ஒட்டியவனும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவன்தானே என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒத்திகைக்காக அக்கா முதலில் நல்ல தமிழில் ஒரு கவிதை எழுதினார். "தாய்மை", "தியாகம்", "ஈழத்தாய்" எல்லாம் அதில் இருந்தன. படித்துக் காட்டியதும் அக்கோசுவா ஒரு சொல் புரியாமலே இல்லையென்று தலையை ஆட்டினார். "நீ ஏதோ அலுவலகத்துக்குக் கடிதம் படிக்கிறாய். உங்கள் ஊரில் தாய் செத்தால் இப்படியா நிற்பீர்கள்?" என்று கேட்டார். அக்காவுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். தாளை மடித்து வைத்துவிட்டு நிலத்தில் இருந்தார். பிறகு ஒப்பாரி சொன்னார். எழுதி வைத்ததல்ல, வாயில் வந்தது. அதில் நாலு வரியை நான் அவசரமாகப் பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

தந்தி வந்து சேரமுன்னம் – என்ர தாயே
சாம்பலாகிப் போனியேணை
வாய்விட்டு அழவெண்டால் – என்ர தாயே
வாசலிலே தட்டுறாங்கள்

வந்தது தந்தியல்ல, கடிதம் என்று நான் பிறகு சொன்னேன். "கடிதம் எண்டால் ஓசை விழுத்தும், நீ பேசாமல் எழுது" என்றார்.

இனி முதல் மேடையேற்றம். எண்பது பேர் கொள்ளும் மண்டபத்தில் முன் வரிசையெல்லாம் ஜெர்மன்காரர். பின் வரிசைகளில், அக்கா கூப்பிட்டதற்காக வந்திருந்த பத்துப் பதினைந்து தமிழ்ப் பெண்கள். குளிர் அங்கியைக் கழற்றாமலே, எப்போது முடியும் என்ற முகத்தோடு இருந்தார்கள். அக்கா கடைசியாக வந்தார். சேலையைக் கொடியில் போட்டார். ஜெர்மன் மொழியில் நாலு வரி ஒப்புவித்தார். பிறகு அந்தச் சேலையின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினார்.

நம்முடைய பெண்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. செத்தவீட்டில் ஒருத்தி குளறினால் இன்னொருத்தி கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். எழுந்து போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும். அது முறை. மண்டபம், மேடை, நாடகம் எல்லாம் அவர்களுக்கு மறந்துபோயிற்று. முதலில் எழுந்தது வெலிக்கடைச் சிறையில் தம்பியைப் பறிகொடுத்த ஒரு பெண். பிறகு எல்லோரும். நடுவழியால் போய், படியேறி, அக்காவைச் சுற்றித் தோளோடு தோள் பிடித்துக்கொண்டு குளறினார்கள். ஒவ்வொருத்திக்கும் ஊரில் ஒரு பிணம் இருந்தது. ஒருத்தியும் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குக்கூடப் போனதில்லை. கூத்தில் ராசா செத்தால் பார்க்க வந்தவர்கள் எழுந்து போய்ப் பாடை கட்டுவார்களா? அன்றைக்குக் கட்டினார்கள். நானும் ஏறினேன்.

ஜெர்மன்காரர் கை தட்டினார்கள்.

எங்களுடைய அழுகைக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள். இது நாடகத்தின் முடிவு, இப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டார்கள். அவர்களில் கெட்ட மனிதர் ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியும் அந்தச் சத்தம் என் முதுகில் அடித்தது போல இருந்தது. அக்கோசுவா மேடையின் விளிம்புக்குப் போய்க் கையை உயர்த்தி, "தட்டாதீர்கள்! இவர்கள் அழுகிறார்கள்!" என்று கத்தினார். மண்டபம் ஓய்ந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஆறுதலாக அழுதோம். எவரும் கதவில் தட்டவில்லை. அக்கோசுவாவும் ரெனாட்டேயும் எங்கள் வளையத்துக்குள் வந்து நின்றார்கள். முறை தெரியாமல் முதுகைத் தடவினார்கள், அதுவும் போதுமாக இருந்தது.

அடுத்த கிழமை ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்தது. "வண்ணமயமான மாலை" என்று எழுதியிருந்தார்கள். அக்கா என்னிடம் அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். "என்ர அழுகை என்ன வண்ணமாம்? கேட்டுச் சொல்லு" என்றார்.

நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். சங்கத்தின் ஆண்கள் கூடினார்கள். செத்தவீட்டை மேடையில் வைத்து நடத்துவதா, அதுவும் காப்பிலிப் பெட்டைகளோடு சேர்ந்தா என்று கேட்டார்கள். கறுப்பர்களை இழித்துச் சொல்லும் இந்தச் சொல்லை அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதுகிறேன். அவர்கள் வெட்கப்படட்டும். காலையில் வெளிநாட்டார் அலுவலகத்தில் தங்களைக் குப்பையாக நடத்துகிறார்கள் என்று புலம்பியவர்கள்தான் பின்னேரம் இந்தச் சொல்லைச் சொன்னார்கள். புவனம் அக்கா அந்தக் கூட்டத்துக்குத் தானே போனார். "ஓம், அவை கறுப்புத்தான். நாங்கள் மட்டும் என்ன பாலிலயோ தோய்ச்சு எடுத்த பிள்ளையள்? என்ர அம்மாவுக்கு அழ இடம் தந்தவை அவை. நீங்கள் என்ன தந்தனீங்கள்?" என்று கேட்டார். கணவர் திரு அண்ணை பின்வரிசையில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து சில பெண்கள் நாடகத்தை அங்கே போடும்படி கூப்பிட்டபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. விண்ணப்பம் முடியாத அகதி தன் நகர எல்லையைத் தாண்ட அனுமதி எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். டெர்மின் என்ற சந்திப்பு நேரம் எடுத்து, மொழிபெயர்க்க நானும் போனேன். நாடகம் நடிப்பது அவசியக் காரணம் அல்ல என்றார் அதிகாரி. எது அவசியம் என்று அக்கா கேட்டார். நெருங்கிய உறவினரின் மரணச் சடங்கு என்றால் பரிசீலிக்கலாம் என்றார். "அப்ப செத்தவீட்டுக்குப் போறன் எண்டு எழுதச் சொல்லு. பொய்யில்லைத்தானே, அங்க போய் அம்மாவுக்குத்தானே அழப்போறன்" என்றார் அக்கா. நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அதிகாரி மரணச் சான்றிதழ் கேட்டார். ஷெல் விழுந்த முற்றத்தில் யார் சான்றிதழ் எழுதிக் கொடுப்பார்கள்? ஸ்டுட்கார்ட் போகவில்லை. மற்ற மூன்று மேடையேற்றங்களும் எசனிலேயே நடந்தன. ஒவ்வொரு முறையும் பெண்கள் எழுந்து மேடைக்குப் போனார்கள். கை தட்டாதீர்கள் என்று அக்கோசுவா தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்.

அப்படி அழ இடம் தேடித் தந்த ஒருத்தியின் செத்தவீட்டை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதையும் கேளுங்கள். எரியூட்டும் இடத்தில் மண்டபம் அரை மணி நேரத்துக்குத்தான். வாசலில் செயலாளர் நின்று உள்ளே போன ஒவ்வொரு பெண்ணிடமும், "ஜெர்மன்காரர் நிக்கினம், குளறாமல் ஒழுங்கா இருங்கோ" என்றார். ஒலிநாடாவில் தேவாரம் போட்டார்கள். அந்தப் பத்துப் பதினைந்து பெண்களும் இருந்தார்கள். அத்தனை பேரும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தோம். அக்கோசுவா தன் ஊர் வழக்கப்படி சிவப்பும் கறுப்புமான துணி உடுத்து வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, வாய் திறந்து ஒரு குரல் எடுத்தார். உடனே ஒருவர் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றார். ஹவுஸ்மைஸ்டர் அல்ல, ஜெர்மன்காரரும் அல்ல. நம்மவர்.

அக்கோசுவா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து போயிருக்க வேண்டும். அக்காவைக் கட்டிப்பிடித்தது போல அவரைக் கட்டிப்பிடித்துக் குளறியிருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். செயலாளர் மேல் எனக்கிருக்கும் கோபத்தை இவ்வளவு எழுதிவிட்டேன், என் மேல் இருப்பதை எழுதாமல் விட்டால் அது அயோக்கியத்தனம்.

கல்வெட்டுக்கு நான் கொடுத்த இரண்டு பக்கத்தை ஏன் எடுத்தீர்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். "ஊருக்கு அனுப்புற புத்தகம் பிள்ளை. உந்த நாடகக் கதையெல்லாம் ஏன்? செத்த மனிசிக்கு மரியாதை வேண்டாமோ?" என்றார். அந்தப் பக்கங்கள் இருந்த இடத்தில் அவரே கட்டிய பாட்டு வந்திருக்கிறது. பண்பில் உயர்ந்தவளே, பதி சொல் தவறாதவளே என்று போகிறது. பெயரை மாற்றினால் எந்தப் பெண்ணின் கல்வெட்டிலும் போடலாம். எண்பது பேருக்கு முன்னால் நின்று தன் சொந்தச் சொல்லில் தாய்க்குப் பாட்டுக் கட்டியவருக்கு இதுதான் மரியாதையாம். திரு அண்ணையிடமும் கேட்டேன். "என்னால சண்டை பிடிக்க ஏலாது பிள்ளை" என்றார். அவர் மேலும் கோபப்பட்டேன்.

போன சனிக்கிழமை திரு அண்ணை என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி ஒரு கடைப்பையை நீட்டினார். அந்தப் பழுப்பு நூல்சேலை. "அவை நாடகத்தைத் திரும்பவும் போடப்போகினமாமே. கொடியில அவளின்ர இடம் சும்மா கிடக்கக் கூடாது" என்றார். படியிறங்கப் போனவர் திரும்பி, "கழுவயில்லை" என்றார்.

ஆம், அக்கோசுவாவும் ரெனாட்டேயும் அடுத்த மாதம் முதல் ஞாயிறு பின்னேரம் அதே தேவாலய மண்டபத்தில் அந்த நாடகத்தை மறுபடியும் போடுகிறார்கள். புவனம் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை மூன்று: ஒரு சேலை, பேருந்துச் சீட்டில் நாலு வரி, பிறகு இந்தக் கோபம். மூன்றையும் கொண்டு மேடையேறுகிறேன். எனக்கு நடிக்க வராது, குரலும் நல்லதில்லை. ஆனால் எரியூட்டும் மண்டபத்தில் நான் அழாமல் அடக்கியது முழுவதும் அப்படியே இருக்கிறது.

அன்றைக்குக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருந்த பெண்களே, வாருங்கள். பின் வரிசையில் இருங்கள். நான் தொடங்கியதும் எழுந்து வாருங்கள், முறை உங்களுக்குத் தெரியும். செயலாளரும் வரலாம். கதவில் தட்டுவதானால் வெளியே நின்று தட்டட்டும். நாங்கள் திறக்க மாட்டோம்.